ஏரிக் களையும் எருக்குழியும்

ஏரியில் ஆகாயத்தாமரை படர்ந்துவிட்டால், அதனை அகற்றக் கோரி மனுச் செய்வதோடு நம் கடமை தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். பொக்லைன் வருகிறது, பச்சைப் போர்வையை வாரிக் கரையில் கொட்டுகிறது, பொதுப்பணம் செலவாகிறது. மழை பெய்ததும் கரையில் கிடந்த செடி மீண்டும் நீரில் இறங்கிவிடுகிறது. வாரியதை எருவாக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்காதவரை இது ஆண்டுதோறும் தண்டச் செலவுதான். அப்பொறுப்பை நம் சங்கமே ஏற்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக வந்த இக்களை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் புகுந்தது. 1936இல் அங்கே அதனை ஒழிக்கத் தனிச் சட்டமே செய்தார்கள். செடி அழிந்தபாடில்லை. ஆனால் இன்றைய வங்காளதேசத்தின் தென்பகுதி உழவர்கள் அதனையே அடுக்கி மிதக்கும் பாத்தியாக்கிக் காய்கறியும் நாற்றும் வளர்க்கிறார்கள். நீர் வடிந்தபின் மக்கிய பாத்தி நிலத்துக்கு எருவாகிறது. உலக உணவு விவசாய நிறுவனம் 2015இல் இம்முறையைப் பாரம்பரிய வேளாண்மையாக அங்கீகரித்தது. நமக்கு அண்மையில் பெங்களூர் ஏரிகளில் 1980களில் இதனைத் தின்னும் வண்டுகளை விட்டுப் பலன் கண்டார்கள். அவ்வழியை நாம் குறைகூறவில்லை. எனினும் வண்டு எரு தராது!

இதில் உள்ள இடைஞ்சல் எடைதான். பச்சைச் செடியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வரை நீரே. ஒரு டன் ஏற்றிச் சென்றால் ஐம்பது கிலோ சருகுக்காக மீதியெல்லாம் தண்ணீருக்கு வண்டிக்கூலி கொடுத்ததாகும். தனி உழவர் பலர் ஒருமுறை முயன்று கைவிட்டதற்குக் காரணம் இதுவே. ஆகவே ஏரியின் அருகிலேயே, மழைநீர் ஓடிவராத மேட்டில், இரண்டு மூன்று நாள் வாடவிட்டு, நறுக்கி, சாணமும் மண்ணும் இடையிட்டு அடுக்க வேண்டும். நம் கூட்டுறவு சர்க்கரை ஆலை அரவை நடத்தும் பருவமாயின் பிரஸ்மட்டும் சேர்க்கலாம். குவியல் உள்ளே நன்றாகச் சூடேற வேண்டும். இருமுறையேனும் புரட்ட வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் எரு ஆயத்தமாகும். பூத்து விதை கட்டுவதற்கு முன்பே அரிந்துவிடுவது அவசியம். அதன் விதை சேற்றில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்தும் முளைக்கக் கூடியது.

இவ்வெருவில் சாம்பல்சத்து மிகுதி. பாலக்கோட்டுத் தக்காளிக்கு அதுதான் வேண்டும். பழத்தின் நிறமும் கெட்டித்தன்மையும் அச்சத்தைச் சார்ந்தவை. நம் நாடோ பொட்டாஷ் உரத்துக்குப் பெரும்பாலும் வெளிநாடுகளையே நம்பியிருக்கிறது. இறக்குமதி விலை ஏறும்போது நஷ்டப்படுபவர் ஒரு ஏக்கர் தக்காளிக்காரர்தாம். இந்த எருவை மட்டும் நம்பி உர மூட்டையை அறவே நிறுத்திவிடலாம் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். மூட்டையின் எண்ணிக்கை குறையும், அவ்வளவே.

ஒன்றில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நீர் நுரை பொங்கியதை அங்கத்தினர்கள் அறிவார்கள். ஆலைக் கழிவு கலந்த நீரில் வளரும் ஆகாயத்தாமரை ஈயம், காட்மியம் முதலியவற்றை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும். அத்தகைய நீரிலிருந்து எடுத்ததைக் காய்கறி நிலத்துக்கு இடவே கூடாது, மாடுகளுக்கும் போடலாகாது. சாக்கடை சேரும் ஏரியாயின் முதலில் மண், நீர்ப் பரிசோதனை, பிறகே எருக்குழி.

நெசவாள அங்கத்தினர்கள் இது விவசாயிகளின் விவகாரம் என்று ஒதுங்க வேண்டியதில்லை. அசாமில் காய்ந்த தண்டைப் பின்னிக் கூடையும் பையும் பாயும் செய்து விற்கிறார்கள். நீளமான தண்டு பின்னலுக்கு, வேரும் இலையும் எருவுக்கு என்று பிரித்துக்கொண்டால் அரிவுக்கூலி இரு தரப்பினருக்கும் பங்காகும். அதற்கு வாங்குவோர் உண்டா என்று விசாரித்த பிறகே கை வைக்க வேண்டும். விற்காத பாய்க்குச் சங்கம் முதல் போட முடியாது.

ஏரியின் பொறுப்பு ஊராட்சியிடமோ நீர்வளத் துறையிடமோ இருக்கும். எழுத்து மூலம் அனுமதி பெறாமல் எவரும் இறங்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரே ஏரியில், பத்துக் குவியல் அளவில் சோதனை நடத்த நிர்வாகக் குழு தீர்மானம் செய்ய வேண்டும். கூலியைச் சங்கம் முன்பணமாகத் தரட்டும். எரு எடுக்கும் அங்கத்தினர் தம் பங்கை அறுவடைக்குப்பின் கட்டட்டும். வரவுசெலவுக் கணக்கை இப்பத்திரிகையிலேயே வெளியிட வேண்டும். நஷ்டமாயினும் வெளியிட வேண்டும்.