பிடித்தாரா, இல்லையா?



டல்லாஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். அமெரிக்கக் கால்பந்து விஷயத்தில் அவனுக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு.

2015 ஜனவரி. கிரீன் பே அணியுடன் பிளேஆஃப் ஆட்டம். ஐந்து நிமிடம்கூட மீதமில்லை. டல்லாஸ் கவ்பாய்ஸ் 21-26 என்று பின்தங்கியிருந்தது. டெஸ் பிரையன்ட் எகிறிப் பந்தைப் பிடித்து, கோட்டை நோக்கிக் கையை நீட்டியபடி விழுந்தார். தரையில் பட்டதும் பந்து துள்ளியது. முதலில் 'கேட்ச்' என்றார்கள். வீடியோ பார்த்துவிட்டு 'இல்லை' என்றார்கள். விழும் வீரர், விழுந்து முடியும்வரை பந்தை விடக்கூடாது என்பது அன்றைய விதி. டல்லாஸ் தோற்றது.

மகன் நடுவரைத் திட்டுகிறான். நான் திட்டமாட்டேன். அவர் புத்தகப்படிதான் செய்தார். புத்தகம்தான் சரியில்லை. 2018-ல் மாற்றினார்கள். பந்து வசப்பட வேண்டும். இரு பாதங்களோ உடம்பின் வேறு பகுதியோ எல்லைக்குள் பட வேண்டும். பிறகு மூன்றாவது அடி வைத்தாலோ, கோட்டை நோக்கிக் கையை நீட்டினாலோ கேட்ச்தான்.

எனக்கும் ஒரு பாக்கி இருக்கிறது. ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் வேறு வழியில் கணக்குப் போட்டுச் சரியான விடை எழுதியிருந்தான். விடைக்குறிப்பில் அந்த வழி இல்லையென்று மதிப்பெண்ணைக் குறைத்தேன். "விடை சரிதானே சார்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

விதி வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கொரு தீர்ப்பு. ஆனால் கண்ணெதிரே நடந்ததை விதி மறுத்தால், திருத்த வேண்டியது விதியைத்தான்.

அந்த மாணவன் இதைப் படித்தால்: விடை சரிதான், தம்பி.