கறுப்பு வெள்ளைப் படம் ஏன் பச்சையாகிறது?



கொம்பனித்தெருவில் தோட்டத்து வீடுகளை விட்டுத் தொடர்மாடிகளுக்குக் குடிபோன குடும்பங்களில் இப்போது ஒரு பழக்கம். மூத்தவாப்பாவின் பழைய போட்டோவைக் கடையில் ஸ்கேன் பண்ணி, பெரிதாக பிரிண்ட் எடுத்து, பிரேம் போட்டு மாட்டுகிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் பாடசாலைக்காக ஊர்ப் பழைய படங்களைச் சேர்க்க நாங்கள் சில ஆசிரியர்கள் வீடு வீடாகப் போனபோது, ஒரே முறைப்பாட்டைப் பல வீடுகளில் கேட்டோம். “சேர், கடையில பார்க்கக்குள்ள நல்ல கறுப்பு வெள்ளை. வீட்டுக்குக் கொண்டுவந்தா ஜன்னல் பக்கம் பச்சை அடிக்குது, ராவைக்கு சிவப்பு அடிக்குது. கடைக்காரன் ஏமாத்திட்டான்.”

கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள்.

மூத்தவாப்பாவின் அசல் படத்தில் இருப்பது வெள்ளி. உண்மையான வெள்ளி உலோகத்தின் நுண்துகள்கள். ஒளியில் இருக்கும் எல்லா நிறங்களையும் அது ஏறக்குறைய ஒரே அளவில் உறிஞ்சும். ஆகவே வெயிலில் பார்த்தாலும் விளக்கில் பார்த்தாலும் சாம்பல் சாம்பலாகவே நிற்கும்.

கடையில் இருக்கும் சாதாரண இங்க்ஜெட் மெஷினில் நான்கு மைதான்: சயன், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு. மெல்லிய சாம்பல் மை அதில் கிடையாது. எனவே மூன்று நிற மைகளைப் புள்ளி புள்ளியாகக் கலந்து, சாம்பல் மாதிரி நம் கண்ணுக்குக் காட்டுகிறது. அந்தக் கலவை ஒரு வெளிச்சத்துக்கு மட்டும் சரியாக இருக்கும். பழைய மஞ்சள் பல்பில் சிவப்பு அதிகம். வெள்ளை எல்.ஈ.டி. பல்புக்குள் இருப்பது நீல ஒளி, அதன் மேல் மஞ்சள் பூச்சு. நீலம் தூக்கலாக இருக்கும், நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில் ஒரு பள்ளம். டியூப் லைட் இன்னொரு மாதிரி. வெளிச்சம் மாற மாற மூன்று மைகளும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும், தராசு சரியும். எந்தப் பக்கம் சரியும் என்பது மைக்கு மை வேறுபடும்.

கலர் படத்திலும் இது நடக்கிறது. ஆனால் சிவப்புச் சாரி கொஞ்சம் கூடக் குறையச் சிவந்தால் யார் கவனிக்கப் போகிறார்? சாம்பலில் ஒரு துளி பச்சை ஏறினாலும் கண் பிடித்துவிடும்.

பெரிய கம்பனிகளுக்கே இது தலையிடிதான். 2000ஆம் ஆண்டளவில் வந்த எப்சன் 2000பி மெஷினின் மை நீண்டகாலம் மங்காது என்று பெயர் வாங்கியது. பகல் வெளிச்சத்தில் பச்சை அடிக்கிறது என்றும் பெயர் வாங்கியது. 2005இல் ஒரு கறுப்போடு இரண்டு சாம்பல் மைகளையும் சேர்த்து வந்த மெஷின்களில்தான் அந்தக் குறை வெகுவாகக் குறைந்தது. பிரிண்ட் எடுக்கும்போது “சாம்பல் மை உள்ள மெஷினா?” என்று கேளுங்கள். இல்லையென்றால் கறுப்பு மையில் மட்டும் அடிக்கச் சொல்லலாம். முகத்தில் புள்ளி தெரியும், நிறம் அவ்வளவு மாறாது. லாப்பில் கலர் தாளில் கழுவி எடுத்தாலும் அதில் மிஞ்சுவது மூன்று சாயங்கள்தான், வெள்ளி இல்லை. எப்படி எடுத்தாலும், முதலில் சின்னதாக ஒன்று எடுத்து, மாட்டப்போகும் சுவரில் பகலிலும் இரவிலும் வைத்துப் பாருங்கள். கடை வெளிச்சத்தை நம்ப வேண்டாம்.

எங்களுக்கு உண்மையான கவலை வேறு. புது பிரிண்ட் வந்ததும் அசலை எறிந்துவிடுகிறார்கள். “அதான் ஸ்கேன் பண்ணியாச்சே” என்கிறார்கள். இரண்டு வீட்டில் அப்படித்தான் போய்விட்டது. சுவரில் பச்சை முகம் மட்டும் மிச்சம்.

லயனல் வென்ட் என்ற பெயர் நமக்கு நாடக அரங்கின் பெயராகத்தான் தெரியும். அவர் பெரிய போட்டோக் கலைஞர். 1944இல் மௌத்தான பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. இன்று நாம் பார்க்கும் அவருடைய படங்கள், தாளில் எடுத்த பிரதிகள் தப்பிப் பிழைத்ததால் கிடைத்தவை. அவ்வளவு பெரிய மனிதருக்கே தாள்தான் மிஞ்சியது. நம் வாப்பும்மாவின் கல்யாணப் படத்துக்கு நெகட்டிவ் எங்கே இருக்கப் போகிறது?

அசலை ஒட்டும் அல்பத்தில் போட வேண்டாம், பசை தின்றுவிடும். பேரை வாவிக் காற்றின் ஈரம் வேறு. சாதாரண கடித உறையில் போட்டு உலர்ந்த அலுமாரியில் வையுங்கள். பின்பக்கம் பென்சிலால் பெயர், எந்த லேன், எந்த வருஷம் என்று மெதுவாக எழுதுங்கள், சொல்லக்கூடிய ராத்தாமார் இருக்கும்போதே.

படம் வைத்திருப்பவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். நாங்கள் வீட்டுக்கே வந்து பிரதி எடுத்துக்கொள்கிறோம். அசல் உங்கள் கையை விட்டுப் போகாது.