பட்டத்துக்கு ஏன் காலாவதித் தேதி இல்லை?

2021 ஏப்ரலில் ஒருவர் இணையப் பாதுகாப்பில் பட்டம் வாங்கி வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளியே வந்தது. ஜாவா நிரல்கள் தம் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கப் பயன்படுத்தும் சின்ன மென்பொருள் அது. அதில் பதிவாகும்படி ஒரே ஒரு வரியை அனுப்பினால் போதும், அடுத்தவர் சர்வரில் தன் நிரலை ஓட்டிவிடலாம். ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து! இதை அவருக்கு யார் சொல்லித்தருவது? பட்டமளிப்பு விழாவோடு பல்கலைக்கழகம் கணக்கை முடித்துவிட்டதே.

சிஐஎஸ்எஸ்பி சான்றிதழ் வைத்திருப்பவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை 120 புள்ளிகள் அளவுக்குப் புதிதாகப் படித்ததாகக் கணக்குக் காட்டவேண்டும். (வெபினாரைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களும் உண்டு, அது வேறு கதை.) பல்கலைக்கழகப் பட்டமோ ஆயுளுக்கும் செல்லும்.

"பகுதிநேர எம்.டெக். இருக்கிறதே" என்பார்கள். இரவு ஷிப்டில் வங்கி சர்வருக்குக் காவல் இருப்பவர் வருடக்கணக்கில் வகுப்புக்கு வரமுடியுமா? வந்தாலும் மறுபடி டெஸ் குறியாக்கத்தில்தான் பாடம் ஆரம்பிக்கும். அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2005லேயே அந்தத் தரத்தைத் திரும்பப் பெற்றுவிட்டது. வரலாறாகச் சொல்லுங்கள், பரவாயில்லை. அதற்குப் பக்கம் பக்கமாக விடை எழுதவைப்பது அநியாயம்.

அவருக்குத் தேவை ஆறு சனிக்கிழமைகள், ஒரே ஒரு விஷயம், கூடவே லேப். உதாரணத்துக்கு, தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டும் என்று 2022 ஏப்ரலில் செர்ட்-இன் உத்தரவு போட்டது. அந்த 6 மணி நேரத்தில் எந்தப் பதிவுகளைப் பத்திரப்படுத்துவது, எந்த இணைப்பைத் துண்டிப்பது, அறிக்கையில் என்ன எழுதுவது? படித்தால் வராது, ஒத்திகை பார்த்தால்தான் வரும். பொய்யாக ஒரு தாக்குதலை நடத்தி, கடிகாரத்தை ஓடவிட்டுப் பழக்கவேண்டும். ஊழியர் இதைத் தன் நிறுவனத்தின் சர்வரில் செய்துபார்க்க முடியாது, கல்லூரி லேபில் முடியும்.

விதி இடம் கொடுக்கவில்லை என்ற சாக்கும் செல்லாது. 2021ல் யுஜிசி கொண்டுவந்த கிரெடிட் வங்கியில் இப்படிப்பட்ட சின்னப் படிப்புகளின் புள்ளிகளைச் சேர்த்துவைக்கலாம். பிஎச்.டி. இல்லாத துறை வல்லுநர்களும் பேராசிரியர் ஆகலாம் என்று 2022ல் வழிகாட்டுதலும் வந்தது. அதற்கு 15 வருட அனுபவம் கேட்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. நேற்று முளைத்த தாக்குதலை இன்று ராத்திரி முறியடிக்கிறவருக்கு அநேகமாக முப்பது வயதுகூட ஆகியிருக்காது. அவர் வந்து பாடம் எடுக்க வழி இல்லை. லேப்போ சனிக்கிழமை மதியமே பூட்டப்படுகிறது.