ஹரியானாவில் நட்டால் நிக்கோபார் காடு திரும்புமா?

கேள்வி: கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகத்துக்காக வெட்டப்படும் மரங்களுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடப் போகிறார்களாமே? வெட்டியதைவிட அதிகமாக நட்டுவிட்டால் கணக்கு சரியாகிவிடாதா?
- வாசகர், மணப்பாறை

பதில்: மரங்களின் எண்ணிக்கை வேண்டுமானால் சரியாகலாம். காடு சரியாகாது.

கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக துறைமுகம், அதோடு விமான நிலையம், மின்நிலையம், நகரம் என்று 166 சதுர கி.மீ.க்குத் திட்டம். இதில் சுமார் 130 சதுர கி.மீ. காடு. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்டது. போக வேண்டிய மரங்கள் 2023-ல் சொன்ன அரசுக் கணக்கிலேயே 9 லட்சத்துக்கு மேல்.

அந்தத் தீவில் ஆண்டுக்கு சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. ஹரியானாவின் பல மாவட்டங்களில் 600 மி.மீ. பெய்தாலே பெரிது. அங்கே நடும் கன்று இங்கே வெட்டிய மரத்துக்கு எப்படி ஈடாகும்? ஈரம் காயாத சருகு மெத்தையும் அதில் வாழும் உயிர்களும் கன்றோடு லாரியில் ஏறி வருவதில்லை.

அந்தச் சருகை நம்பியே வாழும் ஒரு பறவை உண்டு. நிக்கோபார் மெகபோட் என்று பெயர், கோழி போல இருக்கும். கடற்கரையை ஒட்டிய காட்டில் மணலையும் சருகையும் காலால் சீய்த்து மேடு கட்டி, அதற்குள் முட்டையிடும். அடை காப்பதில்லை. எருக்குழியில் கையை விட்டுப் பார்த்தால் சூடு தெரியுமே, அதே சூடுதான். சருகு மக்கும்போது வரும் வெப்பத்தில் முட்டை பொரியும். குஞ்சு தானே மண்ணைத் தோண்டி வெளியே வரும். 2004 சுனாமியில் இந்த மேடுகள் ஏராளமாக அழிந்தன. மீதியிருப்பதும் கடலோரத்தில்தான்.

ஷோம்பென் பழங்குடிகள் சில நூறு பேரே. வேட்டையாடவும் கிழங்கு தோண்டவும் இந்தக் காடுதான் அவர்களுக்கு. சுனாமிக்குப் பிறகு முகாம்களுக்கு மாற்றப்பட்ட நிக்கோபாரிகளோ, பழைய ஊர்களுக்குத் திரும்ப விடுங்கள் என்று இன்றும் கேட்கிறார்கள்.

கலாத்தியா கரையில் அரை டன் வரை எடையுள்ள தோல்முதுகு ஆமைகள் முட்டையிட வரும். அங்கிருந்த சரணாலயத்தை 2021 ஜனவரியில் ரத்து செய்தார்கள். மறு ஆண்டு லிட்டில் நிக்கோபாரில் ஆமைக்கென்று புதிய சரணாலயம் அறிவித்தார்கள். ஆமை அரசாணை படிக்காது. தான் பிறந்த பகுதியின் கரையைத் தேடித்தான் முட்டையிட வரும்.