முதல் வருஷத்து வண்டி

சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்துப் பிழைப்பது என்று தீர்மானித்து, மனைவியின் நகையை அடகு வைத்தோ மாமனார் வீட்டில் கைமாற்று வாங்கியோ முன்பணத்தைத் திரட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போகிற ஓர் இளைஞனுக்கு, சென்ற மாதந்தான் வெளிவந்த புதிய வடிவத்து வண்டியையும், பல வருஷங்களாக ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வடிவத்து வண்டியையும் அருகருகே நிறுத்திக் காட்டினால், இரண்டில் எதை எடுப்பது என்பது அவனுடைய விருப்பத்தைப் பொறுத்த விஷயம் என்று நாம் சாதாரணமாக நினைத்துவிடுகிறோம். என் அபிப்பிராயம் வேறு. ஒரு குடும்பத்தின் ஜீவனம் முழுவதும் அந்த ஒரே வண்டியை நம்பியிருக்குமானால், அடியோடு மாற்றி அமைக்கப்பட்ட ஒரு வண்டியை அது வெளிவந்த முதல் வருஷத்திலேயே வாங்கக் கூடாது. வாங்கும்படி தூண்டுகிறவர்கள், அதனால் நேரக்கூடிய நஷ்டத்தில் பங்கேற்கவும் கடமைப்பட்டவர்கள்.

உதாரணத்துக்கு அச்சரப்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அது பெரிய வியாபார ஸ்தலம் அன்று. ஆனால் சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் அதை ஒட்டிச் செல்கின்றன. கிழக்கே செய்யூர் வழியாகப் போனால் கடற்கரைச் சாலையை எட்டிவிடலாம். ஆகவே தை பிறந்ததிலிருந்து கோடை முதிரும் வரை மதுராந்தகம், செய்யூர்ப் பக்கத்து வயல்களில் விளையும் தர்ப்பூசணியும், அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளும், கடலோர மணற்பாங்கில் வெட்டிய சவுக்குக் கட்டைகளும், கடப்பாக்கத்திலிருந்து ஐஸ் பெட்டிகளில் வரும் மீனும், மரக்காணத்து உப்பும் இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் சின்ன லோடு வண்டிகளையே நம்பி நகர்கின்றன. 2005இல் டாடா ஏஸ் வந்ததும் ஜனங்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். பின்னர் அந்த ஜாதி வண்டிகள் எல்லாவற்றுக்குமே அது பெயராகிவிட்டது. 2011இல் ஒசூரில் உற்பத்தியாகி வந்த அசோக் லேலண்டின் தோஸ்தும், அதற்கு முன்பிருந்தே ஓடிய மஹிந்திராவின் பொலேரோ பிக்கப்பும் அதைவிடக் கனத்த பாரத்தைத் தூக்கின. இந்த வண்டிகளை ஓட்டுகிறவர்களில் மிகப் பலர் முதலாளியும் டிரைவரும் தாமேயானவர்கள்; சில வேளைகளில் லோடு ஏற்றி இறக்குகிறவர்களும் அவர்களே. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வாடகை போயிற்று. டியூ தேதியோ நிற்பதில்லை.

புதிய வடிவத்தில் குறைகள் இருக்கும் என்று சொல்வது, அதை அமைத்த பொறியாளர்களின் திறமையைச் சந்தேகிப்பதாகாது. அவர்கள் வேலை செய்கிற இடங்கள் நமக்கு அந்நியமானவையும் அல்ல. செங்கல்பட்டுக்குப் பக்கத்து மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. செய்யாறு அருகே அதன் சோதனை ஓட்டப் பாதை இருக்கிறது. ஒரகடத்தில் மத்திய அரசு அமைத்த வாகனச் சோதனை மையம் இருக்கிறது. அங்கெல்லாம் வண்டியை மேட்டிலும் பள்ளத்திலும் நீரிலும் புழுதியிலும் ஓட்டி வதைத்துத்தான் பார்க்கிறார்கள். என்றாலும் சோதனைக்குப் போகிறவை சில வண்டிகள்; அவற்றைக் கையாளுகிறவர்கள் பயிற்சி பெற்ற சிலர். விற்பனை தொடங்கியபின் ஆயிரக்கணக்கான வண்டிகள், புதிதாக வார்க்கப்பட்ட அச்சுகளிலிருந்தும் அந்த வேலைக்குக் கை பழகிக்கொண்டிருக்கும் தொழிலாளர்களிடமிருந்தும் வரும்போது, சோதனை வண்டியில் இல்லாத வேற்றுமைகள் ஒவ்வொன்றிலும் நுழைந்துவிடுகின்றன. அதன்மேல் நம் வழக்கம் வேறு. அனுமதித்த பாரத்துக்கு மேலே இன்னும் கொஞ்சம் தர்ப்பூசணியை அடுக்கித் தார்ப்பாய் கட்டி, வயலின் ஈர வரப்பிலிருந்து முதல் கியரில் முனகி மேலேறி, உப்புக் காற்றடிக்கும் சாலையில் தினந்தோறும் ஓடுகிற வாழ்க்கையை எந்தச் சோதனைப் பாதையும் முழுமையாக நடித்துக் காட்ட முடியாது. கமான் பட்டை எத்தனை மாதத்தில் விட்டுக்கொடுக்கிறது, வயரிங்கில் உப்பு எங்கே முதலில் பற்றுகிறது, கிளட்ச் எப்போது தேய்கிறது என்பதெல்லாம் முதல் வருஷத்துச் சொந்தக்காரரின் செலவிலேதான் நிறுவனத்துக்குத் தெரியவருகிறது.

உலகத்திலேயே நம்பகமான வண்டிகளுக்குப் பேர்போன நிறுவனத்துக்கும் இது நேர்ந்திருக்கிறது. டொயோட்டா தன் டண்ட்ரா என்ற பெரிய பிக்கப்பை அமெரிக்கச் சந்தைக்காக முற்றிலும் புதிதாக வடிவமைத்து 2022ஆம் வருஷத்து மாடலாக வெளியிட்டது. நெடுங்காலம் பெயரெடுத்திருந்த எட்டு சிலிண்டர் எஞ்சினை விட்டுவிட்டு, டர்போ பொருத்திய ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்தது. 2024 மே மாதத்தில், அந்த மாடலின் முதலிரண்டு வருஷத்து வண்டிகளையும் அதே எஞ்சின் கொண்ட லெக்ஸஸ் வண்டிகளையும் சேர்த்து ஏறத்தாழ 1 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. எஞ்சினைக் கடைந்து செய்யும்போது உதிர்ந்த உலோகத் துகள் சரியாக நீக்கப்படாமல் உள்ளேயே தங்கி, பேரிங்கைக் கெடுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினை நிறுத்திவிடக்கூடும் என்பதே காரணம். நிறுவனம் எஞ்சினையே மாற்றித் தர முன்வந்தது. அமெரிக்காவில் அத்தகைய வண்டி வாங்குகிறவர் பலருக்கு வீட்டில் இன்னொரு கார் நிற்கும். அச்சரப்பாக்கத்தில் வாங்குகிறவருக்கு?

இந்த ஊரின் ஸ்தலபுராணமே ஒரு புது வாகனத்தின் முதல் பிரயாணத்தைப் பற்றியது என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானுக்காகப் பூமியே தேராகவும், சூரிய சந்திரர் சக்கரங்களாகவும், வேதங்கள் குதிரைகளாகவும், பிரம்மனே சாரதியாகவும் அமைந்த அந்த ரதம், விநாயகரை வணங்காமல் கிளம்பியதனால் இவ்விடத்தில் அச்சு முறிந்து நின்றது என்பது ஐதீகம். திருஞானசம்பந்தர் வந்து பாடிய ஆட்சீசுவரர் கோயில் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. புது வண்டி எடுத்தவர்கள் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறார்கள். அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். முதல் ஓட்டத்தில் எதுவும் நேரலாம் என்கிற பணிவும் அதில் கலந்திருக்கிறது. அந்தப் பணிவு ஷோரூமில் கையெழுத்துப் போடும் வேளையிலும் நம்மிடம் இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

நம் நாட்டிலேயே, ஒரே நாளில் எல்லா வண்டிகளும் முதல் வருஷத்து வண்டிகளாக மாறிப்போன ஒரு சந்தர்ப்பம் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 4 என்னும் புகைக் கட்டுப்பாட்டுப் படியைச் சேர்ந்த வண்டிகளை விற்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. ஐந்தாம் படியைத் தாண்டி நேரே ஆறாம் படிக்கு நாடு போயிற்று. காற்று சுத்தமாக வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. அந்த மாறுதல் அவசியமானது. ஆனால் அதனுடன் டீசல் வண்டிகளுக்குள் வந்த புகைக்கரி வடிகட்டியின் சுபாவத்தை வாங்கியவர்களுக்கு எடுத்துச் சொன்னவர்கள் மிகக் குறைவு. அந்த வடிகட்டியில் சேருகிற கரி எரிந்து போக வேண்டுமானால், வண்டி சற்று நேரம் ஒரே சீராக நல்ல வேகத்தில் ஓடி, புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். ஊருக்குள்ளேயே நின்று நின்று நகர்கிற வண்டிக்கு அந்தச் சூடு வாய்ப்பதில்லை, கரி அடைகிறது, டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது, அதை அலட்சியம் செய்தால் வண்டி இழுக்க மறுக்கிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால், இருபது வருஷம் எஞ்சின் பிரித்த அனுபவமுள்ள மெக்கானிக்கும், “இதுல நான் கை வைக்க முடியாதுங்க, கம்பெனிக்கே கொண்டு போங்க” என்று கையை விரிக்கிறார். கம்பெனி என்றால் செங்கல்பட்டு, இல்லாவிட்டால் திண்டிவனம்; இழுத்துப் போகும் செலவு தனி. நாளடைவில் அந்த மெக்கானிக்கும் ஸ்கேனர் வாங்கிக் கற்றுக்கொள்கிறார். முதல் வருஷத்தில் வாங்கியவருக்கு அந்தக் கல்வி உதவுவதில்லை.

புதிது என்றாலே தள்ளிவிட வேண்டும் என்று நான் வாதிக்கவில்லை. புதிதாக இருப்பது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். 2005இல் வந்த ஏஸ் அதுவரை இல்லாத வண்டியானாலும், அதன் இரண்டு சிலிண்டர் 702 சிசி எஞ்சின், ஏற்கெனவே இண்டிகா காரில் ஓடிக்கொண்டிருந்த நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பாதியாக்கி உருவாக்கியது. 2022இல் பொலேரோ மேக்ஸ் பிக்கப் வந்தபோது முகமும் உள்ளமைப்பும் வண்டியின் இருப்பிடத்தைச் சொல்லும் மின்னணு வசதியும் புதியவை. எஞ்சின் பழைய பிக்கப்பில் நெடுநாள் பழகிய அதே 2.5 லிட்டர் குடும்பத்தைச் சேர்ந்தது. இவ்வகை வண்டியை முதல் வருஷத்தில் வாங்குவதில் அபாயம் குறைவு. 2024 செப்டம்பரில் அறிமுகமான மஹிந்திரா வீரோவைப் போல அடித்தளமே புதிதாக அமைக்கப்பட்டவையும், மின்கல வண்டிகளும் வேறு வகுப்பு. அவை சிறந்தவையாகவே இருக்கலாம். அது ஒரு மழைக்காலமும் ஒரு தர்ப்பூசணிக் காலமும் கடந்த பிறகு நிச்சயமாகத் தெரியும்.

“வாரண்டிதான் இருக்கிறதே” என்பார்கள். வாரண்டி உடைந்த பாகத்தை மாற்றித் தரும். அந்தப் பாகம் புதிய மாடலுக்கென்று இன்னும் டிப்போவுக்கே வந்து சேரவில்லை என்பதனால் வண்டி ஷெட்டில் நிற்கும் நாட்களின் வாடகையை அது தராது. மாசி, பங்குனியில் நிற்கிற நாளுக்கும் ஐப்பசி மழையில் நிற்கிற நாளுக்கும் உள்ள வித்தியாசம் எந்த வாரண்டிச் சீட்டிலும் எழுதப்பட்டதில்லை. சீசனில் இரண்டு தடவை வராமற்போன வண்டியை விட்டு, கோயம்பேட்டுக்கு லோடு அனுப்புகிற வியாபாரி வேறு வண்டியைப் பிடித்துக்கொள்கிறார். வண்டி சரியான பிறகும் அந்த வாடிக்கை திரும்புவதில்லை.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். புதிய வடிவம் சந்தையில் நிலைக்காமற்போகலாம். 2011இல் வந்த மஹிந்திரா ஜீனியோ பிக்கப்பையும், அதைத் திருத்தி 2016இல் வந்த இம்பீரியோவையும் இன்று புதிதாக வாங்க முடியாது. அவற்றைவிடப் பழைய, கரடுமுரடான பொலேரோ பிக்கப்தான் நின்று வென்றது. இன்னும் பின்னோக்கிப் போனால், இதே ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர்ப் பக்கத்தில் ஹெரால்டு காரையும் ஸ்டாண்டர்ட் 20 என்ற சரக்கு வண்டியையும் செய்துவந்த ஸ்டாண்டர்ட் நிறுவனம், 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற புதிய காரை மிகுந்த எதிர்பார்ப்போடு கொண்டுவந்தது. வெளித்தோற்றம் நவீனம், எரிபொருள் செலவோ அதிகம். சில வருஷங்களிலேயே உற்பத்தி நின்றது. மாடல் நின்றுவிட்ட வண்டிக்கு உதிரிப் பாகம் தேடுவதும், அதை விற்க முயல்வதும் எத்தகைய கஷ்டம் என்பது அனுபவித்தவர்களுக்கே தெரியும்.

எல்லோரும் காத்திருந்தால் புதிய வண்டியை யார்தான் வாங்குவது என்ற கேள்வி நியாயமானதே. பத்து வண்டி, இருபது வண்டி வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட் நிறுவனங்கள் வாங்கட்டும். பார்சல் கம்பெனிகள் வாங்கட்டும். ஒரு வண்டி நின்றால் மற்றொன்றை அனுப்ப அவர்களால் முடியும். குறையைச் சொன்னால் நிறுவனத்தின் செவியில் ஏறும்படி சொல்லவும் முடியும். ஒற்றை வண்டிக்காரருக்கு இந்த இரண்டு சக்தியும் இல்லை. அவருக்குச் சட்டம் தருகிற துணை முற்றிலும் இல்லாமலில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவும், 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதிகளும், ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்பைப் பாதிக்கும் குறை குறித்துப் போதிய புகார்கள் சேர்ந்தால் திரும்ப அழைக்கும்படி அரசு கட்டளையிடவும், 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடமளிக்கின்றன. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபார உபயோகத்துக்கு வாங்கிய பொருளைப் பொதுவாக ஒதுக்கினாலும், சுயதொழில் செய்து ஜீவிப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு விலக்குத் தந்திருக்கிறது. தன் லோடு வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் செங்கல்பட்டில் உள்ள மாவட்ட ஆணையத்தை நாடலாம். இது நம் டிரைவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வண்டி விற்கும்போது சாவியோடு பூமாலையும் இனிப்பும் கொடுக்கிறவர்கள் இதையும் ஒரு காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் குறைந்துவிட மாட்டார்கள்.

ஆனால் இந்தச் சட்டங்கள் எவையும், அபாயமான குறை என்று நிரூபணமாகாத சிறு பழுதுக்காக வண்டி பதினைந்து நாள் நிற்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. அடியோடு மாற்றிய வடிவத்தை வெளியிட்ட முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் ஒற்றை வண்டிக்காரருக்கு விற்கிற எந்த நிறுவனமும், வாரண்டிப் பழுதுக்காக வண்டி மூன்று நாளுக்கு மேல் ஷெட்டில் நின்றால் மாற்று வண்டி தர வேண்டும். தர இயலாவிட்டால் அந்த நாட்களுக்குரிய மாதத் தவணைப் பங்கைத் தானே செலுத்த வேண்டும். இதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். போக்குவரத்து அமைச்சகம் 2021ஆம் வருஷத்து விதிகளைத் திருத்தும்போது இந்த நிபந்தனையையும் அவற்றில் சேர்க்க வேண்டும்.