சாமை ஏன் குறைந்தது?

சென்னையை அடுத்த பெருங்களத்தூர், பெயரிலேயே "களம்" உள்ள ஊர். ஆனால் கதிர் அடிக்கும் களத்தை இன்று அங்கே தேடத்தான் வேண்டும். ஜி.எஸ்.டி. சாலை, ரெயில் பாதை, எங்கு பார்த்தாலும் மாடி வீடுகள்! 2021-ம் ஆண்டு இந்த ஊர் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது.

களம் போய்விட்டது. பசி போய்விட்டதா? இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் வேளை தவறாமல் அடுப்பு எரிகிறது. உலையில் போடும் தானியத்தை, எங்கோ ஒரு உழவர் விளைவிக்கிறார். அவர் கை ஓய்ந்தால், நம் அடுப்பும் ஓய்ந்துவிடும்.

அவர் கை ஓயாமல் இருக்க என்ன வழி? அதற்கு வழி தேடும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று, பெருங்களத்தூரில் இருந்து அதிக தூரம் இல்லாத தரமணியில் இருக்கிறது.

பஞ்சம் காட்டிய வழி

கும்பகோணத்தில் பிறந்தவர், விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன். 1943-ல் வங்காளத்தில் கொடிய பஞ்சம். லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் மாண்டார்கள். அந்தக் கொடுமைதான் அவரை விவசாயப் படிப்பின் பக்கம் திருப்பியது. பிற்காலத்தில் அதிக விளைச்சல் தரும் கோதுமை, நெல் ரகங்களை நாட்டில் பரப்பினார். பசிக் கவலை குறைந்தது.

ஆனால் 1968-லேயே அவர் ஒரு எச்சரிக்கை செய்தார். மண்வளத்தைக் காக்காமல், நிலத்தடி நீரை அளவின்றி இறைத்து, பூச்சி மருந்தை அள்ளித் தெளித்தால், முடிவில் ஆபத்துதான் என்றார். 1987-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தைக் கொண்டு 1988-ல் இந்த நிலையத்தை நிறுவினார். 2023-ல் அவர் காலமானார். நிலையம் தொடர்ந்து நடக்கிறது.

உலக்கை பிடித்த கை

இந்த நிலையத்தார் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குப் போனார்கள். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு எல்லாம் விளைந்த மலை அது. அங்கே அவற்றின் சாகுபடி குறைந்துகொண்டே வந்தது. அந்த இடத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏறியது. கிழங்கை விற்றால் கையில் காசு. ஜவ்வரிசி ஆலைகள் வாங்கிக்கொள்ளும்.

காசு மட்டும்தான் காரணமா? இன்னொன்றும் உண்டு. சாமையின் உமி கடினமானது. அதை உரலில் இட்டுக் குத்த வேண்டும்; புடைக்க வேண்டும்; மறுபடி குத்த வேண்டும். காட்டு வேலை முடித்து வந்த பெண்கள்தான் அதையும் செய்தார்கள். எத்தனை நாள் கை தாங்கும்? ரேசன் அரிசி வந்ததும் உலக்கை மூலைக்குப் போயிற்று. சாமையும் கூடவே போயிற்று!

"பழைய தானியத்தைக் கைவிடாதீர்கள்" என்று உபதேசம் செய்தால் போதுமா? போதாது. கிராமங்களில் உமி நீக்கும் இயந்திரங்கள் வைக்கப்பட்டன. மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தின. விதை வங்கிகள் ஏற்பட்டன. தானியத்தை மாவாக்கி, பொட்டலம் கட்டி விற்கவும் பயிற்சி கிடைத்தது. உடம்பு வலியும் குறைந்தது. நாலு காசும் வந்தது.

இதுதான் நல்ல ஆராய்ச்சி. விதையை மட்டும் பார்த்தால் போதாது. உலக்கை பிடித்த கையையும் பார்க்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

விளைந்ததை வாங்க ஆள் வேண்டாமா? அரிசி, கோதுமையோடு கேழ்வரகு போன்ற தானியங்களையும் ரேசனில் கொடுக்க, 2013-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் கேழ்வரகு கொடுக்கும் திட்டம் 2023-ல் தொடங்கியது. சாமைக்கும் தினைக்கும் அந்த இடம் கிடைக்க வேண்டும். அரசு நியாய விலை கொடுத்து அவற்றை மலை உழவரிடமே வாங்க வேண்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு நாள் சாமைச் சோறு வடியுங்கள். கேழ்வரகுக் களி கிளறுங்கள். பெருங்களத்தூரில் ஒரு வீட்டில் சாமை வெந்தால், கொல்லிமலையில் ஒரு வீட்டில் அடுப்பு எரியும்.