சர்வர் டவுனும் சார்ஜ் ரிப்போர்ட்டும்

போன மாதம் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். "சர்வர் டவுன் சார், நாளைக்கு வாங்க" என்றார் கவுன்டரில் இருந்த பையன். எனக்கு முன்னால் நின்ற பாட்டி மணல்மேட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். சர்வர் என்றால் அவருக்குத் தெரிந்தது காபி கிளப்பில் இலை போடுகிறவர்தான். "அவரு எப்ப தம்பி வருவாரு?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பேரனிடம் புலம்பினேன். "ஒரே கணக்கை ரெண்டு மெஷின்ல எழுதி வைப்பாங்க தாத்தா. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தானா எடுத்துக்கணும். அதுக்குப் பேரு ஃபெயில்ஓவர்" என்றான்.

இரண்டு பிரதி என்பது எனக்குப் புதிதல்ல. காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். 'எத்தா சிவில்' என்று நாங்கள் சொல்லும் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளைப் பிரெஞ்சுக்காரன் இரட்டையாகவே எழுதினான். வருடக் கடைசியில் கணக்கை முடித்து ஒன்றை மேரியில் வைப்பான், மற்றொன்றை நீதிமன்றத்துக்கு அனுப்புவான். 1776-இல் வந்த அரச ஆணைப்படி காலனிகளிலிருந்து மூன்றாவது பிரதியும் கப்பலேறி பிரான்சுக்குப் போனது. கரையான் காரைக்காலில் அரித்தாலும் கடல் கடந்த பிரதி தப்பும். ஆனால் வருடம் முடியும்வரை எல்லாம் ஒரே அலமாரியில்தான் கிடந்தன. நடுவில் தீப்பிடித்திருந்தால் அந்த ஆண்டுக் கணக்கு மொத்தமும் சாம்பல்.

பிரதி இருந்தால் மட்டும் போதாது. 24-2-2021 அன்று மும்பை தேசிய பங்குச் சந்தையில் 11.40 மணிக்கு வியாபாரம் நின்றது. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகளில் கோளாறு என்றார்கள். சென்னையில் மாற்று மையம் இருந்தது, ஆனால் அதற்கு மாறவில்லை. 3.45-க்குத்தான் மறுபடி திறந்து 5 மணிவரை நடத்தினார்கள். அடுத்த மாதமே செபி விதியை இறுக்கியது: 30 நிமிடத்துக்குள் 'பேரிடர்' என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையம் ஓட வேண்டும்.

"மனுஷன் எதுக்கு முடிவு பண்ணணும், மெஷினே மாத்திக்கட்டும்" என்கிறான் பேரன். பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் சூப்பிரண்டு லீவில் போனார். போன் வேலை செய்யவில்லை, அவர் வரமாட்டார் என்று நினைத்து அடுத்தவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பெரியவரோ மத்தியானமே திரும்பி, மாடி அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார். ஒரே நாளில் ஒரே நம்பரில் இரண்டு உத்தரவு! அதை நேராக்க எங்களுக்கு நாலு மாதம் ஆயிற்று. இரண்டு மெஷின்களுக்கு நடுவே கம்பி அறுந்தால் இதே கதைதான். ஒவ்வொன்றும் 'மற்றது செத்துவிட்டது, இனி நானே முதலாளி' என்று எழுதத் தொடங்கும். அப்புறம் எந்தக் கணக்கு சரி?

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மூன்றாவதாக ஒரு சாட்சியை வைக்கிறார்களாம். பெரும்பான்மை எந்தப் பக்கமோ அதுதான் எழுதலாம். பழையதைக் கட்டாயமாக நிறுத்திய பிறகே புதியது எழும். நம் சார்ஜ் ரிப்போர்ட்டேதான்! ஒப்படைத்தவர் கையெழுத்து இல்லாமல் ஏற்றவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை. சாட்சி இல்லாத தானியங்கி மாற்றத்தைவிட, யோசித்துப் பொத்தானை அமுக்கும் ஓர் ஆள் மேல். ஆனால் அந்த ஆள் சாப்பாட்டுக்குப் போயிருக்கக் கூடாது, மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கவும் கூடாது. பங்குச் சந்தைக்கு விதித்த அரைமணிக் கெடுவை ஓய்வூதிய கவுன்டருக்கும் ஏன் விதிக்கக் கூடாது? பாட்டியின் ஓய்வூதியம் அவருக்குப் பங்குச் சந்தையைவிடப் பெரிது.

ஒத்திகையும் வேண்டும். 2-3-2024 சனிக்கிழமை, விடுமுறை நாளிலேயே சந்தையைத் திறந்து, காலையில் கொஞ்ச நேரம் முதன்மை மையத்திலும் பிறகு மாற்று மையத்திலும் நிஜ வியாபாரம் நடத்திப் பார்த்தார்கள். நம் அலுவலகங்களில் ஜெனரேட்டரைக்கூட மின்சாரம் போன பிறகுதான் தட்டிப் பார்ப்போம்.

மறுநாள் போனேன். பாட்டி எனக்கு முன்பே வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்: "அவரு வந்துட்டாராம்யா."